தரையில் நின்ற வண்டி

என் தம்பி செத்த விதத்தைப் பற்றி மச்சான் சொன்ன கதையை நான் பல வருடங்களாகவே சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகம் என்று ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. வண்டி தரையிலதான் நின்னுட்டு இருந்துச்சு, நல்லசிவம் மல்லாக்கப் படுத்து முன்சக்கரத்துக்குள்ள கையை விட்டு ஸ்பிரிங்கை முறுக்கிட்டு இருந்தான், நான் கெணத்து மோட்டாரை நிறுத்தப் போயிருந்தேன், திரும்பி வந்து பாக்கறேன், வண்டி உருண்டு அவன் நெஞ்சு மேல ஏறி நிக்குது. இவ்வளவுதான் கதை. இழவு வீட்டில் சொன்னார், வந்து விசாரித்த போலீஸிடம் சொன்னார், காரியத்தன்று பந்தலில் சொன்னார், அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். அந்தக் கூடாமல் குறையாமல்தான் என்னை முதலில் உறுத்தியது. கண்ணால் கண்டதைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் எதையாவது புதிதாக ஞாபகப்படுத்திக்கொள்வான், எதையாவது விட்டுவிடுவான், நடுவில் நின்று அழுவான். மச்சான் அழவில்லை. ஆனால் அழாதவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறவர்களா, நான் அழுதேனா, நான் தம்பியின் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காதிலிருந்து வழிந்த ரத்தம் காலரில் காய்ந்து கறுத்திருந்த சட்டை, நெஞ்சின் மேல் டயரின் அச்சு கட்டம் கட்டமாக ஒரே இடத்தில், முத்திரை குத்தினாற்போல. உருண்டு ஏறிய டயர் துணியை இழுத்துச் சுருட்டியிருக்காதா என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, துக்கத்தில் மூளை இப்படித்தான் கண்டதையும் பிடித்துத் தொங்கும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். மச்சான் என்றால் யாரோ அல்ல, என் அக்கா மரகதத்தின் புருஷன் தெய்வசிகாமணி. இதோ இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆனைமலையில் என் வீட்டு போர்டிகோவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

வண்டி புதிதல்ல, பிக்கப். மலையடித் தோட்டத்துச் சேற்றில் மாட்டாமலிருக்க முன்னால் இரும்பு பம்பரும் அதன் மேல் கம்பிவடம் சுற்றி இழுக்கும் வின்ச்சும் மாட்டினேன், அந்த எடையில் மூக்கு தாழ்ந்து, எருமை தண்ணீர் குடிக்கக் குனிந்தது போல நின்றது. கோவையில் ஒரு கடையில் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னார்கள். ஷாக் அப்சார்பரின் மேலேயே ஸ்பிரிங் சுற்றியிருக்கும். அதன் தலையில் மரையில் ஓடும் ஒரு வளையம். வளையத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருகினால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கும், வண்டி நிமிரும். கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டிய அளவு வீட்டிலேயே திருகிக்கொள்ளுங்கள் என்று பிறை போல வளைந்த ஒரு ஸ்பேனரையும் கையில் கொடுத்தார்கள். நல்லசிவத்தின் கையில் இருந்ததும் இதே மாதிரி ஒன்றுதான், எங்கள் பக்கத்தில் முதன்முதலாக இந்த ஸ்பிரிங்கை மாட்டியவன் அவன், எல்லாவற்றிலும் அவன்தான் முதல், முதல் அடியும் அவனுடையதுதான். கல்லூரி வாசலில் ஒருவனின் தாடையை உடைத்தான். தோட்டத்து வரப்புத் தகராறில் ஒருவனைக் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டான், காலை விடட்டுமா விடட்டுமா என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தான். சின்ன வயதில் என்னையும் அடித்திருக்கிறான், அண்ணன் என்று பார்த்ததில்லை, அடித்துவிட்டு அவனே ஐஸ் வாங்கிக் கொடுப்பான். அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் பயம்தான் வருகிறது, பாசம் கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் வருகிறது.

அக்காவும் வந்திருக்கிறாள், சமையலறையில் கோழி வெட்டுகிறாள். அரிவாள்மணை அவளுக்குப் பிடிக்காது, கட்டையின் மேல் வைத்துக் கத்தியால் கொத்துவாள், எலும்பு உடையும் சத்தம் ஜன்னல் வழியாகத் தெளிவாக வருகிறது, ஒரு கொத்து, ஒரு மௌனம், ஒரு கொத்து. நான் வண்டியைத் தூக்காமலே குனிந்து சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பேனரை வளையத்தின் பல்லில் மாட்டி இழுக்கிறேன். அசையவில்லை. காலை பம்பரில் ஊன்றி இழுக்கிறேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிகிறது. “என்ன மாப்ள, ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டறயா, அதென்ன உன்ற பொண்டாட்டியா, கெஞ்சினா திரும்பறதுக்கு” என்கிறார் மச்சான். நான் கடைக்குப் போன் போடுகிறேன், ஸ்பீக்கரில் வைத்துவிட்டு முட்டியை வாயில் வைத்துச் சப்புகிறேன், உப்பும் கிரீஸும். மெக்கானிக் சிரிக்கிறார். “ஏனுங்ணா, சக்கரத்தைத் தூக்காமயா திருகுனீங்க? மொத்த வண்டியும் அது தலைமேலதானுங்க உக்காந்திருக்குது. யானை உக்காந்திருக்கற முக்காலியை யாராச்சும் திருகுவாங்களா? ஜாக் போட்டுத் தூக்கி, டயர் அந்தரத்துல தொங்கோணும், அப்பறம் பாருங்க, வெண்ணெய் மாதிரி சுத்தும். தரையில வெச்சு பீமனே வந்தாலும் முடியாதுங்க, மரைதான் போகும்.” சரிங்க என்று போனை வைத்தேன். மச்சானைப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஜாக்கை எடு மாப்ள” என்றார், குரலில் ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுமில்லாத குரல் எப்படி இருக்க வேண்டுமென்று தெரிந்த ஒருவரின் குரல். நான் சாமான் அறைக்குப் போய் ஜாக்கை எடுத்தேன். தூக்கிய வண்டிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் அதே அறையில், அதே மூலையில் இருந்தன. எடுக்கவில்லை. சின்ன வேலைதானே என்று எடுக்காமல் விட்டேனா, அல்லது அந்தக் கணமே எனக்குள் ஏதோ ஒன்று அவற்றை வேண்டாம் என்றதா. இதை நான் எத்தனை தடவை கேட்டுக்கொண்டாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில்தான் வருகிறது.

ஜாக்கின் நீண்ட கைப்பிடியை மச்சான் மிதித்து மிதித்து இறக்க, வண்டியின் இடப்பக்கம் மெல்ல எழுந்தது, டயர் தரையை விட்டது, ஒரு சாண், அதற்கும் மேல். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டேன். டயரைக் கழற்றச் சோம்பல். முன்பக்கமாக மல்லாந்து நழுவி, அந்தரத்தில் நின்ற டயருக்குக் கீழே நெஞ்சைக் கொடுத்து, தலையை உள்ளே விட்டேன். ஸ்பேனரை மாட்டினேன். வளையம் சுற்றியது. வெண்ணெய் மாதிரி இல்லை, ஆனால் சுற்றியது, ஸ்பிரிங் முனகிக்கொண்டே அமுங்கியது, மேலே மரை பளபளவென்று வெளியே வந்தது, நான் அதையே பார்த்தபடி கிடந்தேன், அப்போது இழவன்று எங்கள் வாசலில் நின்ற தம்பியின் வண்டி என் கண்ணுக்குள் வந்து நின்றது. யாரோ அதைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், நான் அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன், அது ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது மூக்கு தூக்கி, வலது தாழ்ந்து. உடையவன் செத்தால் வண்டிகூடக் கோணிக்கொள்கிறது என்று என்னவோ பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன், அதை இன்றுவரை ஒரு கவிதை மாதிரி நினைவில் வைத்திருக்கிறேன், கவிதை இல்லை, அது கணக்கு. இடது ஸ்பிரிங்கை அவன் திருகி முடித்திருக்கிறான். அல்லது பாதிக்கு மேல். அசையாத வளையத்தோடு அவன் போராடியதில் வண்டி உருளவில்லை. திருகியிருக்கிறான். திருகியிருந்தால் சக்கரம் அந்தரத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தரத்தில் இருந்திருந்தால் ஜாக் இருந்திருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ளித்தான் அவனை எடுத்தார்கள், எல்லோரும் சொன்னது அதுதான், யார் வாயிலும் ஜாக் வரவில்லை, அவர்கள் வருமுன்பே அது எடுத்து மறைக்கப்பட்டுவிட்டது, இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள். வண்டி தரையிலதான் நின்னுட்டு இருந்துச்சு. மச்சான் வாழ்நாள் முழுக்க ஓட்டியது பட்டை, அதாவது சுருளுக்குப் பதில் இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங், வைத்த மினி லாரி. பட்டையின் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்குவார்கள், பாரம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இறுக்கவே வேண்டும். ஸ்பிரிங் வேலை என்றால் தரையில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும், ஆகவே தரையில் நடந்ததாகச் சொன்னார், பட்டை வண்டிக்காரன் மட்டுமே சொல்லக்கூடிய பொய். எங்கள் எல்லோருடைய வண்டியும் பட்டைதான். வண்டி தரையில் நின்றது என்பதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டு கிடந்தது டயருக்கு அடியில். அது அப்போதுதான் உறைத்தது. டயரின் கறுப்புக் கட்டங்கள் என் நெஞ்சுக்கு மேல் நாலு விரல் உயரத்தில். பக்கவாட்டில் பார்த்தால் மச்சானின் கால்கள், வெடித்த குதிகால், பித்தளைக் கைப்பிடி போட்ட குடையை ஊன்றிக்கொண்டு நிற்பவர் போல அவர் ஜாக்கின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்திருப்பது தெரிந்தது. அந்தக் கைப்பிடியை இடப்பக்கம் ஒரு தடவை திருப்பினால் போதும். எண்ணெய் இறங்கும் சத்தம் ஸ்ஸ் என்று வரும், சாதாரணச் சத்தம், அதற்குள் நான் எவ்வளவு தூரம் நழுவ முடியும், என் தோள் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில் இறுகியிருக்கிறது. விலா எலும்பு முதலில் உடையுமா அல்லது மூச்சு முதலில் போகுமா. தம்பி கத்தியிருப்பானா, கத்த மூச்சு வேண்டுமே. “என்ன மாப்ள, தூங்கிட்டயா? சத்தத்தையே காணோம்.” “இல்லீங் மச்சான், எத்தன சுத்துன்னு எண்ணிட்டு இருந்தன்” என்றேன், என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது, பயந்தவனின் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியுமென்றால் கொன்றவனின் குரலும் இருக்க முடியும்தானே. அவர் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார், தேங்காய் விலை, பேரனுக்குக் காது குத்து, நான் உம் உம் என்றபடி வளையத்தை ஒன்றும் செய்யாமல் ஸ்பேனரை மட்டும் சும்மா தட்டி வேலை நடக்கிற சத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, குதிகாலால் தரையை உந்தி, விரல்விரலாக வெளியே நகர்ந்தேன். டயரின் நிழல் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. எழுந்து நின்று சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினேன்.

“கை பாரு எப்படி ரத்தம் ஊத்துது. வயசான காலத்துல உனக்கெதுக்கு இந்த வேல. தள்ளு, மிச்சத்த நான் திருகறேன்.” வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் சட்டையைக் கழற்றி பானெட்டின் மேல் போட்டுவிட்டு, அறுபதைத் தாண்டிய அந்த உடம்பை முக்கி முனகி மல்லாத்தி, நான் கிடந்த அதே இடத்தில், அதே டயருக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் ஜாக்குக்கு அருகில் நின்றேன். கைப்பிடி அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. கொன்றவன் எவனாவது கொன்ற இடத்தில் வந்து படுப்பானா, அதுவும் செத்தவனின் அண்ணன் கையில் ஜாக்கைக் கொடுத்துவிட்டு. படுக்க மாட்டான், ஆகவே இவர் கொல்லவில்லை. அல்லது இத்தனை வருடம் இதற்காகத்தான் காத்திருந்தாரா, யாராவது இறக்கட்டும் என்று. அல்லது என்னை அவ்வளவு மட்டமாக எடை போட்டு வைத்திருக்கிறாரா, இவன் செய்ய மாட்டான், நல்லசிவம் என்றால் செய்வான், இவன் செய்ய மாட்டான் என்று. அந்த நினைப்பு வந்ததும்தான் என் கையில் ரத்தம் குபுகுபுவென்று ஏறியது. அவர் நெஞ்சின் நரைத்த முடி மேலும் கீழும் ஏறி இறங்கியது. அதன் மேல் இரண்டு டன் இரும்பு உட்காரும் சத்தத்தை நான் கேட்டேன், சமையலறையில் கத்தி எலும்பில் விழும் சத்தமும் அதுவும் ஒன்றாகிவிட்டன, கண்விழி பிதுங்கும், வாய் ஓரத்தில் நுரையோடு சிவப்பாக வரும், கால்கள் இரண்டும் தரையைப் பறித்துப் பறித்து உதைக்கும், பிறகு மெதுவாக. ஜாக் வழுக்கிடுச்சுங்க, நான் துணி எடுக்க உள்ள போயிருந்தன், திரும்பி வந்து பாக்கறேன். எவ்வளவு சுலபமாக வருகிறது கதை. ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாழ்நாள் முழுக்கச் சொல்லலாம்.

தம்பியைக் கொல்ல மச்சானுக்குக் காரணம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது, ஊரே பார்த்த காரணம். சாவதற்கு முந்தின வாரம், ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, எதிர் வரிசையிலிருந்து நல்லசிவம் எழுந்து வந்து மச்சானைச் செருப்பால் அடித்தான். ஒரு தடவை அல்ல. ரசமும் சோறும் அவர் முகத்தில் வழிந்தது. அக்காவின் முதுகில் இருந்த பெல்ட் தடங்களை அன்று காலையில்தான் அவன் பார்த்திருந்தான். “என்ற அக்கா மேல இனி கை வெச்சீன்னா, உன்ற ரெண்டு கையும் உங்கிட்ட இருக்காதுடா” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அப்படிப்பட்ட தடங்களை நான் அதற்கு ஒரு வருடம் முன்பே பார்த்திருந்தேன் என்பது வேறு விஷயம். மச்சான் எழுந்து கை கழுவிவிட்டு, மாப்பிள்ளை பெண்ணுக்கு மொய் எழுதிவிட்டுத்தான் போனார். அடுத்த வாரம் சமாதானம் பேசத்தான் தம்பியின் தோட்டத்துக்குப் போனேன் என்றார். சமாதானம் ஆகியிருக்கலாம். சமாதானமானவன்தானே ஜாக்கை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே படுப்பான். அல்லது நல்லசிவம் யாருக்கும் பயப்படாதவன், தான் அடித்தவனையே காவலுக்கு நிறுத்திவிட்டுப் படுக்கும் திமிர் அவனுக்கு உண்டு. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைச் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிறது: தம்பி செத்த நாளிலிருந்து மச்சான் அக்காவை ஒரு விரலால்கூட அடித்ததில்லை. குடியை விட்டார். பெல்ட் கட்டுவதையே விட்டு வேட்டிக்கு மாறினார். அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள், உங்க மச்சான் இப்ப வேற மனுசன் என்று, சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. கொன்றவன் திருந்துவானா, அல்லது திருந்தினான் என்பதே கொன்றான் என்பதற்குச் சாட்சியா, அல்லது தெரியாமல் ஜாக்கைத் தொட்டு ஒரு உயிரைப் போக்கியவன் பயத்தில் ஒடுங்கிப்போனானா. இப்போது இறக்கினால் எனக்கு இது ஒருநாளும் தெரியாது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அது அரைக்கால் சுற்று திரும்பியிருந்தது. நான் திருப்பினேனா. எப்போது. டயர் ஒரு விரல் அகலம் இறங்கியது, ஸ்ஸ் என்று, மச்சானின் ஸ்பேனர் சத்தம் சட்டென்று நின்றது.

அவர் கத்தவில்லை. “மாப்ள” என்று மட்டும் சொன்னார், தாழ்வாக. டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நகர முயலவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இரண்டு கையையும் நெஞ்சின் பக்கத்தில் விரித்துத் தரையில் வைத்தபடி கிடந்தார். ஜன்னலிலிருந்து அக்கா, “ரெண்டு பேரும் இன்னும் எத்தன நேரம் அந்த வண்டிக்கு அடியில கெடப்பீங்க? கொழம்பு கொதிக்குது, வந்து உப்பு பாருங்க” என்றாள். நான் கைப்பிடியை வலப்பக்கம் இறுக்கினேன். இந்த நிலையில் கேட்டால் சொல்வார், எதைக் கேட்டாலும் சொல்வார், உயிருக்குப் பயந்து சொல்வதும் ஒரு கதைதான், அதையும் மிச்சமிருக்கிற வருடங்கள் முழுக்க நான் சந்தேகித்துக்கொண்டு கிடக்க வேண்டும். “வெளிய வாங்க மச்சான்” என்றேன். வரவில்லை. குனிந்து அவர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, என் முட்டியின் ரத்தம் அவர் தோளில் தேய, இழுத்து வெளியே போட்டேன். சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். பிறகு ஜாக்கை முழுவதுமாகத் திறந்தேன். வண்டி இறங்கியது, டயர் வெறும் சிமெண்டைத் தொட்டு, அகன்று, அழுந்தி நின்றது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதுகளைப் பொத்தியிருந்தார், சத்தம் நின்ற பிறகும் எடுக்கவில்லை. நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் கைகளை ஒவ்வொன்றாகக் காதிலிருந்து எடுத்தேன், மெதுவாகத்தான், உடைத்துவிடலாம் போலிருந்தது, உடைக்கவில்லை. உள்ளே அக்கா மூடியைத் தட்டி வைத்தாள். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தினேன், கேட்டால்தான் என்ன என்றும் நினைத்தேன்.

“ஜாக்கை எறக்கும்போது நல்லசிவம் அடியில இருக்கறான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, மச்சான்?”